தொட்டிக்குச் சுற்றிப்போட்ட உப்பு

மருதாசலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவர் மேல் இல்லை, என் மேல். அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

அவிநாசிபாளையத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரு சாயப்பட்டறை. பெயர் எதற்கு? பனியன் துணிக்குச் சாயம் போட்டுக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்பதால், பட்டறைக்குப் பின்னாலேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்தார்கள். அங்கே லேபில் பதினோரு வருடம் இருந்தேன். என் பெயர் பிரிசில்லா. படித்தது கெமிஸ்ட்ரி, பிறந்தது தாராபுரம் பக்கம், வாய் கொஞ்சம் நீளம். இப்போது அங்கே வேலையில் இல்லை. ஏன் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

அந்த நிலையத்தின் நடுவில் பன்னிரண்டு லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டி. தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்பதற்கென்றே அதில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். அவை மூச்சுவிட, அடியிலிருந்து பிளோயர் என்கிற யந்திரம் ஓயாமல் காற்று ஊதும். மருதாசலம் அந்தத் தொட்டிக்கு ஆபரேட்டர். ஐம்பத்து நாலு வயது, ஒன்பதாவது வரை படிப்பு. தொட்டி கட்டி முடித்த அன்று தன் வீட்டுச் செவலைப் பசுவின் சாணத்தை மொபெட்டில் இரண்டு சாக்கு ஏற்றி வந்து கரைத்து ஊற்றியவர் அவர்தான். அதிலிருந்து பெருகியதுதான் அத்தனையும்.

நாங்கள் எல்லோரும் அவற்றைப் பூச்சி என்போம். அவர் மட்டும் "அவங்க" என்பார். "இன்னைக்கு அவங்க சரியாச் சாப்பிடலீங்க அம்மிணி" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு லேபுக்கு வருவார். "ஏனுங்ணா, இலை போட்டுப் பரிமாறுனீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். தொட்டி விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

தீபாவளிக்குத் திருப்பூரே பத்து நாள் காலியாகிவிடும். மதுரை, தேனிக்காரர்களும் பீகார், ஒடிசாக்காரர்களும் போனஸை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். மிஷின் நின்றால் சாயத் தண்ணீர் வராது. சாயத் தண்ணீர் வராவிட்டால் தொட்டியில் இருப்பவர்கள் பட்டினி. அதனால் மருதாசலம் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு வந்து, வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றிவிட்டுப் போய்த்தான் வீட்டில் பலகாரத்தில் கை வைப்பார். "அக்கா திட்டலீங்களாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "திட்டறாதானுங்க. அதுக்காவ இத்தன கோடிப் பேரப் பட்டினி போட முடியுமுங்களா?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முந்தி அந்தத் தொட்டி செத்துப்போனது. நல்ல பழுப்பு நிறத்தில் இருந்த தண்ணீர் இரண்டே நாளில் கலங்கி, வெளுத்து, நுரை தள்ளி, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் எடுத்தது. மருதாசலம் சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்காக அந்த இரண்டு நாளும் லீவு. தொட்டியைப் பார்த்துக்கொண்டது கிட்டுசாமி. அவரும் ஆபரேட்டர்தான், மருதாசலத்தின் மனைவி சுப்பாத்தாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. மருதாசலமே சொல்லிச் சேர்த்துவிட்ட ஆள்.

மேனேஜர் மகுடேஸ்வரன் லேப் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி எல்லோர் முன்னாலும் புரட்டினார். தொட்டிக்கு வந்த தண்ணீரில் உப்பு வழக்கம்போல லிட்டருக்கு ஆறு கிராம். மற்றதும் சரியாக இருந்தது. "தண்ணியில ஒரு கோளாறும் இல்ல. அப்பக் காத்துதான். பிளோயர ஆஃப் பண்ணிப்போட்டுத் தூங்கியிருக்கறான்" என்றார். கிட்டுசாமி குலசாமி மேல் சத்தியம் செய்தார். "ஓடிட்டுத்தானுங்க இருந்துது. ஒரு நிமிசங்கூட நிக்கலீங்க." ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானமே அவரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. தூங்கித் தொட்டியைக் கொன்றவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் போய் நின்றது. யாரும் அந்த வேலைக்கு அவரை எடுக்கவில்லை. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் பனியன் மூட்டை கட்டப் போனார். ஊரில் பெற்ற அப்பனே "தூங்குமூஞ்சி" என்று பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது மருதாசலம் கேட்ட ஒரு வார்த்தை: "ஏம்மாப்ள, கொஞ்சம் அசந்துகிசந்து போயிட்டியா?" அன்றோடு பேச்சு முறிந்தது. சுப்பாத்தாள் பிறந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

வேறொரு பட்டறையின் தொட்டியிலிருந்து டேங்கர் லாரியில் நுண்ணுயிர் நிறைந்த விதைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மூன்று மாதத்தில் தொட்டி தேறியது. மருதாசலமும் முன்போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் "அவங்க" என்ற பேச்சு மட்டும் குறைந்துவிட்டது.

இந்த வருடம் ஆவணியில் மகுடேஸ்வரன் லேபுக்கு வந்தார். "பிரிசில்லா, அடுத்த மாசம் பனியன் வாங்கற பையர் கம்பெனி ஆடிட். தொட்டி ஆபரேட்டருக்கு பயாலஜி ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட் வேணுமாமா. செல் உயிரியல் அடிப்படைன்னு ஆன்லைன்ல நாலு வாரக் கோர்ஸ் இருக்குது, தமிழ்லயே வருது, ஓசி. மருதாசலம் பேருல நீயே உள்ள போயி டக்கு டக்குன்னு கிளிக் பண்ணி முடிச்சுரு."

எனக்கு இது புதிதில்லை. முதலுதவி, தீயணைப்பு என்று யார் பேரிலோ நான் வாங்கிக் கொடுத்த காகிதங்கள் எங்கள் ஆபீஸ் ஃபைலில் கட்டாக இருந்தன. சரிங்க சார் என்றேன். பேருக்கு மருதாசலத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆதார் நம்பரைக் கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "எம்பேருல வர்ற காயிதத்துக்கு நீங்க எதுக்குங்க படிக்கோணும்? நானே படிக்கறனுங்க."

"அண்ணா, நாலு வாரமுங்க. வாரா வாரம் பரீட்சை வேற. எழுவது மார்க் வாங்கோணும்."

"வாங்கறேன். வாங்க முடியலீன்னா எனக்குத் தெரியலீன்னு அர்த்தம். தெரியாததத் தெரியும்னு எப்படீங்க எழுதறது?"

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்ட ஆளும் இல்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். டிபன் பாக்ஸை இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார். திரையில் ஒரு பெண் குரல், "வணக்கம், கற்பவரே" என்று ஆரம்பிக்கும். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கமுங்க" என்பார். முதல் நாள் நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடி பியூரெட் உடைந்திருக்கும். "அது ரெக்கார்டிங்ணா, அதுக்கு நீங்க சொல்றது கேக்காது" என்றேன். "கேக்காட்டிப் போவுதுங்க. சொல்லிக் குடுக்கறாங்கல்ல" என்றார். நாலு வாரமும் ஒரு வணக்கம்கூட விடவில்லை.

முதல் வாரம்: செல் என்றால் என்ன. பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல், அதற்கு வாய், வயிறு, கை கால் எதுவும் கிடையாது, தன் தோல் வழியாகவே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் என்று அந்தக் குரல் சொன்னது. மருதாசலம் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாயே இல்லீங்களா? பன்னண்டு வருசமா வெல்லங் கரச்சு ஊட்டியிருக்கறனே!"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "வாங்ணா, காட்டறேன்" என்று தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எங்கள் தொட்டியில் பாக்டீரியாவோடு கொஞ்சம் பெரிய உயிர்களும் இருக்கும். அவற்றிலும் ஒன்று ஒரே செல்தான். மெல்லிய காம்பு நுனியில் மணி கவிழ்த்த மாதிரி இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் தொட்டியின் உடம்பு எப்படி என்று சொல்வேன். மணி நன்றாக விரிந்திருந்தால் தொட்டி சௌக்கியம். "காத்துக் குறைஞ்சுதுன்னா இதுங்க தலையில ஒரு குமிழி ஊதிக்குமுங்ணா. அதப் பாத்தாலே தெரிஞ்சுரும்" என்றும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர், நிமிரவே இல்லை. "அடேயப்பா... காம்பச் சுருட்டுது பாருங்க... இதா, மறுக்கா நீட்டுது!" கடைசியில் நிமிர்ந்து, "ஏனுங்க அம்மிணி, இந்தக் கண்ணாடி இத்தன வருசமா இங்கயேதான் இருந்துதுங்களா?" என்றார்.

"ஆமாங்ணா."

"ஒருக்காச் சொல்லியிருக்கலாமுங்கல்ல."

தொட்டிக்கு ஊற்றுகிற ஆளுக்குத் தொட்டிக்குள் பார்க்கவும் ஆசை இருக்கும் என்று பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் செல் பிரிவது பற்றி வந்தது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், இதில் தாய் என்றும் பிள்ளை என்றும் தனியாக இல்லை என்றது குரல். "அப்ப அந்தப் பழைய தொட்டியில இருந்தவங்க அத்தன பேரும் எங்க செவலை வயித்துல இருந்து வந்தவங்களேதானுங்க. செவல போயி எட்டு வருசமாச்சு. தொட்டியில அது இருந்துட்டுத்தான் இருந்திருக்குது" என்றார். பிறகு, "இப்ப இருக்கறவங்க லாரியில வந்தவங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பரீட்சையில் எண்பது மார்க்.

இரண்டாவது வாரம்தான் வினை. பாடம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைப் பற்றியது. மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே, அதைப் படமாகக் காட்டினார்கள். வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே ஓடிவிடும். "உப்புக் கரைசலில் வைக்கப்பட்ட செல் தன் நீரை இழந்து சுருங்குகிறது" என்றது குரல். மருதாசலம் அதை மூன்று முறை பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டார். அப்புறம் கம்ப்யூட்டரை அணைக்காமலேயே வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் பாடத்துக்கு வரவில்லை. தொட்டி ஓரம் போய்ப் பார்த்தேன், முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அம்மிணி, தொட்டியக் கொன்னது கிட்டுசாமி இல்லீங்க. நானு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொல்றீங்க?"

விஷயம் இதுதான். தொட்டி சாவதற்கு முந்தின வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பையர் அம்மா வந்திருந்தார். தொட்டியை எட்டிப் பார்த்து, என்ன அழகான நிறம் என்று வியந்து, செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் நினைவிருந்தது. சாக்கடைத் தண்ணீரை இப்படிக் கொஞ்சுகிறாளே என்று நாங்கள் சிரித்தோம். மருதாசலம் சிரிக்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று பயந்துவிட்டார். லீவு போடுவதற்கு முந்தின சாயங்காலம், இரண்டு கையிலும் கல்லுப்பை அள்ளிக்கொண்டு தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார். சுற்றிய உப்பைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பக்கத்தில் இருந்த தண்ணீர் தொட்டித் தண்ணீர்தான். அதிலேயே போட்டுவிட்டார்.

"கண்ணுபடக் கூடாதுன்னு போட்டனுங்க. நானே அவங்களக் கொன்னுபோட்டு, எம்மாப்ளயப் பாத்து அசந்துட்டியான்னு கேட்டிருக்கறேன். அவன் பேரே போச்சு. ரெண்டு வருசமா அவன் மூட்டை கட்டறான், நான் இங்க சொகமா நிக்கறேன்." அவர் அழுதார். அந்த வயசு ஆள் அழுது நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அண்ணா, கொஞ்சம் இருங்க. ரெண்டு கை உப்புல தொட்டி சாகாதுங்க."

"உப்பு செல்லச் சுருக்குமுன்னு அவிங்களே சொல்றாங்களே!"

"எவ்வளவு உப்புங்கறதும் இருக்குதில்லீங்களா? கணக்குப் போடலாம் வாங்க."

பேப்பரை எடுத்தேன். இரண்டு கை என்றால் இருநூறு கிராம் வைத்துக்கொள்ளலாம். தொட்டித் தண்ணீரில் எப்போதும் லிட்டருக்கு ஆறு கிராம் உப்பு இருக்கும். சாயம் ஏறுவதற்கே துணியோடு உப்புப் போடுகிறோமே, அது. அந்த அளவுக்கு அவர்கள் பழகிப்போனவர்கள். பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கு ஆறு கிராம் வீதம், ஏழாயிரத்து இருநூறு கிலோ. அவரே பெருக்கினார், நான் சரிபார்த்தேன். ஐம்பது கிலோ மூட்டையாகப் போட்டால் நூற்று நாற்பத்து நாலு மூட்டை.

"நூத்தி நாப்பத்தி நாலு மூட்டை ஏற்கெனவே உள்ள கெடக்குது. அதுமேல நீங்க ரெண்டு கை. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுங்ணா."

அவர் அந்தப் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பெருமூச்சு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும், அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"சரிங்க அம்மிணி. நான் கொல்லல. அப்பக் கொன்னது என்னதுங்க?"

நான் டெஸ்ட் ட்யூப் கழுவப் போனேன். அவர் விடவில்லை. குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை, பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற மாதிரியே கேட்டார்: "தெனமும் காலைல கண்ணாடியில பாப்பீங்களே. தொட்டி போன அன்னைக்கும் பாத்திருப்பீங்கல்ல? அந்த மணிக தலையில குமிழி இருந்துதுங்களா? இருந்தாக் காத்து இல்லாமத்தான் போயிருக்குது, மாப்ள தூங்கியிருப்பான். இல்ல, சுருங்கிக் கெடந்துதுங்களா? சுருங்கியிருந்தா உப்புங்க."

ஒன்பதாவது படித்த மனிதர். ஒன்றரை வாரப் பாடம். இரண்டு வருடமாக ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"நெனவில்லீங்ணா" என்றேன்.

பொய். நன்றாக நினைவிருந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. மணிகள் எல்லாம் காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் காம்போடு சாய்ந்து கிடந்தன.

நடந்தது இது. சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பாக்கும் யந்திரம் ஒன்று உண்டு. அது அப்போது பழுதாகிவிட்டது. உப்புத் தண்ணீர் சேர்ந்து வழிகிற நிலைமை. ஷிப்மென்ட் தேதி நெருக்கியதால் சாயம் போடுவதையும் நிறுத்த முடியாது. மகுடேஸ்வரன் அந்த உப்புத் தண்ணீரைத் திருப்பித் தொட்டிக்கே விடச் சொன்னார். வால்வு நிலையத்தின் மறுகோடியில், குழாய் தரைக்கடியில். கிட்டுசாமிக்குத் தெரிய வழியில்லை. நான் தண்ணீரை அளந்தேன். லிட்டருக்கு முப்பத்தொரு கிராம். "ஆறுன்னு எழுதிரு கண்ணு, ரெண்டு நாள்ல யந்திரம் ரெடியாயிரும்" என்றார். எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. பழி கிட்டுசாமி மேல் விழும் என்று எழுதும்போது தெரியாது. விழுந்த பிறகு தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வாய் நீளம் என்று மேலே பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே, அந்த வாய்தான்.

லேபில் அளந்த உடனே கிறுக்குவதற்கு ஒரு கச்சா நோட்டு வைத்திருப்போம். அதைப் பார்த்துத்தான் ரிஜிஸ்டரில் நல்ல எழுத்தில் ஏற்றுவோம். பழைய கச்சா நோட்டு என் மேஜையின் அடி டிராயரில் இருந்தது. அதைக் கிழித்துப் போடவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரத்தில் நின்ற மருதாசலத்தின் கையில் கொடுத்தேன். தேதியைக் காட்டினேன். முப்பத்தொன்று என்று என் கையெழுத்தில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

பிளோயர் ஓடும் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

"கேட்டுது" என்றார். 'ங்க' இல்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "நானும் அவன நம்பலியே. உன்னைய மட்டும் என்னத்தப் பேசறது" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கெழம காதர்பேட்ட போலாம். இதயும் கொண்டா."

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. சனிக்கிழமை முதலாளி பொங்கியண்ணன் அறைக்குப் போய் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். "சரிங் கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த மாதம் லேபில் என் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். நான் பல்லடம் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். மருதாசலம் மிச்ச இரண்டு வாரத்தையும் படித்து எழுபத்தெட்டு மார்க்கோடு பாஸ் செய்தார். சர்ட்டிபிகேட்டின் ஒரு காப்பியை எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். 'உங்க கண்ணாடிக்கு நன்றி' என்று கீழே போட்டிருந்தார்.

சொன்னபடி அந்த ஞாயிறு காலை காதர்பேட்டைக்கு மொபெட்டில் அவர் முன்னால் போக, நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். சந்துக்குள் வண்டி நுழையவில்லை. வெளிமாநில வியாபாரிகள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், வழியெல்லாம் பனியன் பண்டல். ஒரு கடை வாசலில் கிட்டுசாமி மூட்டை மேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். மாமனைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க" என்றார். மறுபடி கயிற்றில் கையை வைத்தார்.

"மாப்ள, இந்த அம்மிணி ஒண்ணு சொல்லோணுமாமா. கேட்டுரு" என்றார் மருதாசலம். சொல்லிவிட்டு, கிட்டுசாமி பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

சொன்னேன். யந்திரம் பழுதானது, உப்புத் தண்ணீரைத் திருப்பிவிட்டது, முப்பத்தொன்று, ஆறு என்று எழுதியது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தது, பார்த்தும் சும்மா இருந்தது. நோட்டைத் திறந்து காட்டினேன். செருப்பைக் கழற்றுவார் என்றே நினைத்துப் போயிருந்தேன். அவர் நோட்டை வாங்கி அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப... நான் தூங்கலீங்களா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"இல்லீங்க, மொதல்ல எனக்கு நல்லாத் தெரியுமுங்க, தூங்கலீன்னு. அப்பறம் எல்லாருஞ் சொல்லச் சொல்ல, மாமாவுங் கேக்க... ஒருவேள நமக்கே தெரியாம அசந்துட்டமாட்ட இருக்குதுன்னு நானே நெனச்சுட்டனுங்க. ஊட்டுலயும் ஒத்துக்கிட்டேன், ஆமாம், தூங்கிட்டேன்னு." அவர் என்னைப் பார்த்தார். "தூங்கலீங்கல்ல?"

"தூங்கலீங்க. நீங்க தூங்கவே இல்லீங்க. நான்தான் பொய் எழுதுனேன்."

மருதாசலம் கயிற்றை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கக் கூடாது மாப்ள. தப்புடா. தப்பு" என்றார். கிட்டுசாமி அவரைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரை அழுத்தி, மறுமுனையில் குரல் கேட்டதும், "இந்தா, லேப் மேடம் பேசறாங்க" என்று மட்டும் சொல்லி என் கையில் கொடுத்தார். "எங்க ஊட்டுக்காரிகிட்ட இத ஒருக்காச் சொல்லீருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

சொன்னேன். அவரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதையும் யாரோ அணைத்தார்கள்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்" என்றது அந்தப் பெண் குரல். "எங்க மாமனாரு சாப்பிட்டுட்டிருக்கறாரு. அவருங் கேக்கட்டும். மொதல்ல இருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.